மேஜிக் வீக்எண்டால் ரசிகருக்கு லாபமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கம் குடிவந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கிரிக்கெட் தவிர வேறு விளையாட்டு அறியாதவனை ரக்பி லீக் மைதானத்துக்கு இழுத்துப் போனவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். வேக்ஃபீல்ட் ரசிகர், எழுபதைத் தாண்டியவர். வருஷம் ஒருமுறை எல்லா அணிகளும் ஒரே ஊரில் கூடும் மேஜிக் வீக்எண்ட் என்ற அந்த வார இறுதிக்கும் அவரோடுதான் முதலில் போனேன். நண்பர்களும் உறவினர்களும் கேட்ட கேள்விகளையும், எனக்கே வந்த சந்தேகங்களையும் இங்கே ஒரே பக்கத்தில் வைக்கிறேன்.

முதலில், ரக்பி லீக் என்பது நமக்குத் தெரிந்த ரக்பிதானா?

இல்லை. இலங்கையில் பள்ளிகளும் கிளப்புகளும் ஆடுவது ரக்பி யூனியன். அணிக்கு 15 பேர். லீக்கில் 13 பேர்தான். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வட இங்கிலாந்து கிளப்புகள் தனியாகப் பிரிந்தன. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை ஆட வந்தால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியை ஈடுகட்டக்கூடாது என்று லண்டன்காரர்கள் பிடிவாதம் பிடித்ததுதான் சண்டை.

அந்தப் பிரிவின் தழும்பு இன்றும் வரைபடத்தில் தெரியும். விகன், செயின்ட் ஹெலன்ஸ், வாரிங்டன், லீட்ஸ், காஸில்ஃபோர்டு, ஹல் என்று முதல் பிரிவான சூப்பர் லீக்கின் கிளப்புகளில் பெரும்பாலானவை எம்62 நெடுஞ்சாலையை ஒட்டியே கிடக்கின்றன. பிரான்சிலிருந்து கத்தலான் டிராகன்ஸ் 2006-இல் சேர்ந்தது. நீளம் அதிகம், அகலம் குறைவு என்ற ஒரு கீற்றுக்குள் வாழும் விளையாட்டு இது. கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கு இதுதான் அடிப்படை.

மேஜிக் வீக்எண்ட் என்றால் என்ன?

ஒரு சுற்றின் எல்லா ஆட்டங்களையும் ஒரே மைதானத்தில், இரண்டே நாளில் ஆடிவிடுவது. பன்னிரண்டு அணிகள் என்றால் சனிக்கிழமை மூன்று ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை மூன்று. மைதானம் எந்த ரக்பி லீக் கிளப்புக்கும் சொந்தமானதில்லை. அதனால்தான் நடுநிலை மைதானம் என்கிறார்கள். முதல் முறை 2007 மே மாதம், வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில் மில்லேனியம் மைதானத்தில் நடந்தது. அடுத்த ஆண்டும் அங்கேயே. 2009, 2010-இல் எடின்பரோவின் மரேஃபீல்ட், 2011-இல் மறுபடி கார்டிஃப், 2012 முதல் 2014 வரை மான்செஸ்டர் சிட்டியின் மைதானம். 2015-இல் நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க்குக்கு வந்தது. நடுவில் 2019-இல் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு, 2024-இல் லீட்ஸின் எலண்ட் ரோடு என்று இரண்டு முறை வெளியே போய்வந்தாலும், 2025 வரை அதிகம் நடந்த ஊர் நியூகாசில்தான். 2020-இல் கொரோனாவால் நடக்கவில்லை.

நேரடியாகக் கேட்கிறேன்: ரசிகருக்கு லாபமா, இல்லையா?

வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ கிளம்பிப் போய் ஓர் இரவாவது அந்த ஊரில் தங்குகிறவருக்கு லாபம். தன் அணியின் எண்பது நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டு அன்றைக்கே வீடு திரும்புகிறவருக்கு நஷ்டம். அவர் கிடைக்க வேண்டியதில் கால்வாசி வாங்கிக்கொண்டு முழு விலையும் கொடுத்துவிட்டு வருகிறார்.

ஆட்டத்தின் தரத்தை வைத்து இதை அளப்பவர்கள் ஏமாந்து போவார்கள். பாதி நிரம்பிய மைதானம், வேறு வேலையாக வந்தவர் போல் பேசிக்கொண்டிருக்கும் கூட்டம், தூரத்தில் ஏதோ இரண்டு அணிகள் என்றுதான் சில ஆட்டங்கள் இருக்கும். அங்கே கிடைக்கிற சமாசாரம் வேறு. இந்த விளையாட்டைப் பின்பற்றுகிறவர்கள் நாட்டில் சிறுபான்மை. தெற்கே போனால் கிளப் பெயரைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். வருஷத்தில் இரண்டு நாள் மட்டும் ஒரு பெரிய நகரத்தின் நடுத்தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நம் ஆட்கள். ஹல் சட்டைக்காரரும் லீ சட்டைக்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நடுவரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். மாமன் மச்சான் எல்லாரும் கூடுகிற ஊர்த் திருவிழாவுக்கு யாரும் தேரின் வேகத்தைப் பார்க்கவா போகிறார்கள்?

என் கிளப்பின் உள்ளூர் ஆட்டம் ஒன்று பறிபோகாதா?

இங்கிலாந்தில் போகாது. மேஜிக் ஆட்டம் கூடுதல் ஆட்டம். பன்னிரண்டு அணிகள் இருந்த சமீப ஆண்டுகளில் ஒவ்வோர் அணியும் மற்ற பதினொன்றையும் உள்ளூரில் ஒருமுறை, வெளியூரில் ஒருமுறை சந்திக்கும். அது 22 ஆட்டம். அதற்கு மேல் சில அணிகளை மறுபடியும் சந்திக்கும் நான்கு லூப் ஆட்டம், ஒரு மேஜிக். மொத்தம் 27. சீசன் டிக்கெட்காரர் வாங்கிய உள்ளூர் ஆட்டங்களில் ஒன்றும் குறையாது. மேஜிக்குக்குப் பெரும்பாலும் தனியாக டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவில் கதை வேறு. அங்கே மேஜிக் சுற்று வழக்கமான அட்டவணைக்குள்ளேயே வருகிறது. பெயரளவில் உள்ளூர் அணியாக ஆடும் கிளப் தன் ஊரில் நடக்க வேண்டிய ஓர் ஆட்டத்தைப் பிரிஸ்பேனுக்குத் தூக்கிக் கொடுக்கிறது. கிளப்புக்கு அதற்கு ஈடு கிடைக்கும். நியூகாசிலிலோ டவுன்ஸ்வில்லிலோ வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் பார்த்திருக்க வேண்டியவருக்கு என்ன கிடைக்கும்? தொலைக்காட்சிதான். (இந்த நியூகாசில் ஆஸ்திரேலிய நியூகாசில். இந்த விளையாட்டில் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே முடியாது.)

எல்லா ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் உண்டா?

உண்டு, ஆனால் குறைவு. ஒரு சனிக்கிழமை செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முதல் ஆட்டம் தொடங்கும்போது கேலரி திட்டுத் திட்டாக நிறைந்திருக்கும். ஆடும் இரு அணிகளின் ரசிகர்கள் அங்கங்கே அடர்த்தியாகவும், மற்ற இடமெல்லாம் பொறுக்கி எறிந்தது போலவும் உட்கார்ந்திருப்பார்கள். முடிந்ததும் ஒரு பகுதி எழுந்து படியிறங்கும். அதே படியில் வேறு நிறச் சட்டைகள் ஏறிவரும். நடைவழியில் பை (pie) என்ற இறைச்சிப் பலகாரத்துக்கும் பீருக்கும் நிற்கும் வரிசையில் ஏழெட்டுக் கிளப்புச் சட்டைகள் கலந்து நிற்கும். இரண்டாவது ஆட்டத்தின் பாதியில்தான் மைதானம் மைதானமாகும். மாலை வெளிச்சத்தில் மூன்றாவது ஆட்டம் தொடங்கும்போது காலையிலிருந்து குடித்தவர்களின் பாட்டு கூரையில் முட்டும்.

கால்பந்துக்குப் போய்ப் பழகியவர்கள் இரண்டு விஷயத்தைப் பார்த்து வியப்பார்கள். ஒன்று, எதிரணி ரசிகர்களுக்கென்று தனிக் கூண்டு இல்லை, கலந்தே உட்காரலாம். இரண்டு, இங்கிலாந்தில் ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்தக்கூடாது என்ற சட்டம் கால்பந்துக்கு மட்டும்தான். அதனால் கால்பந்து நாளில் தடை செய்யப்பட்ட கோப்பையோடு அதே நாற்காலியில் ரக்பி லீக் ரசிகர் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டுப் பெரியவர் இதை ஒரு தார்மிக வெற்றியாகவே கருதுகிறார்.

வேறு அணிகளின் ஆட்டத்தை நான் ஏன் பார்க்க வேண்டும்?

2021 செப்டம்பர் 4-க்காக. கத்தலான் டிராகன்ஸ், செயின்ட் ஹெலன்ஸ் ஆட்டம். கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போது செயின்ட் ஹெலன்ஸ் 30, கத்தலான் 12. இரண்டுமே என் அணி இல்லை. ஆட்டம் முடிந்துவிட்டது என்று பை வாங்க எழுந்து போனேன். வரிசையில் நின்றபோது ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. மூன்றாவது சத்தத்துக்கு வரிசையே கலைந்து படிக்கட்டுக்கு ஓடியது. ஐந்து நிமிடத்தில் 18 புள்ளி, 30-30. கூடுதல் நேரத்தில் முதலில் புள்ளி எடுப்பவருக்கே வெற்றி என்ற கோல்டன் பாயிண்ட் விதியில் கத்தலானின் ஜேம்ஸ் மலோனி ஒரு டிராப் கோல் (பந்தைத் தரையில் விட்டு எழும்பும்போது உதைக்கும் ஒரு புள்ளி கோல்) உதைத்தார், 31-30. லீக் அட்டவணையில் முதலிடத்துக்கான கேடயம் அந்த வெற்றியோடு பிரான்சுக்குப் போனது, வரலாற்றில் முதல்முறையாக.

அது கத்தலானின் ஊரான பெர்ப்பிஞானிலோ செயின்ட் ஹெலன்ஸிலோ நடந்திருந்தால் இரண்டு கிளப்பின் ரசிகர்கள் மட்டும் பார்த்திருப்பார்கள். அன்றைக்கு அதை வேறு பத்துக் கிளப்பின் ரசிகர்களும் நேரில் பார்த்தார்கள். நான் பாதிதான் பார்த்தேன் என்பது என் தலையெழுத்து.

செலவு எவ்வளவு ஆகும்?

டிக்கெட்டைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். ஒரு நாள் டிக்கெட்டில் மூன்று ஆட்டம் என்று கணக்குப் போட்டால் சூப்பர் லீக்கில் இதைவிட மலிவு இல்லை. கையைக் கடிப்பது தங்குமிடம். தேதி அறிவித்த அன்றே நகரத்து ஹோட்டல்களின் வாடகை ஏறிவிடும். இரண்டு பிள்ளைகளோடு நான்கு பேர் குடும்பம் என்றால் ரயில், இரண்டு இரவு, சாப்பாடு எல்லாம் சேர்ந்து சீசன் டிக்கெட் விலையையே தொட்டுவிடும். இந்த விளையாட்டின் ரசிகர்கள் பெரும்பாலும் உழைக்கும் வர்க்கத்துக் குடும்பங்கள். சாலஞ்ச் கோப்பை இறுதி, ஓல்ட் டிராஃபோர்டில் நடக்கும் கிராண்ட் ஃபைனல், மேஜிக் என்று மூன்றுக்கும் ஒரே ஆண்டில் காசு ஒதுக்குவது எல்லாராலும் முடியாது. 1929-இல் சாலஞ்ச் கோப்பை இறுதி லண்டனின் வெம்ப்ளி மைதானத்துக்குப் போனதிலிருந்து வடக்கத்திக் குடும்பங்களுக்கு வருஷத்தில் ஒரு பெரிய பயணம் என்றால் அது வெம்ப்ளிதான். இன்று பலர் அதை விட்டுவிட்டு நியூகாசிலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வெம்ப்ளிக்கு இரண்டு அணிதான் போக முடியும். மேஜிக்குக்கு எல்லாரும் போகலாம், கடைசி இடத்தில் இருக்கும் அணியின் ரசிகர் உட்பட. பெரியவரின் வாதம் இதுதான்: "எங்கள் கிளப்பை நம்பினால் எனக்கு ஒரு வெளியூர்ப் பயணமும் கிடைக்காது."

ரசிகர்களின் ஊருக்குப் பக்கத்திலேயே வைத்தால் செலவு குறையுமே?

குறையும். ஆனால் கூட்டமும் குறைந்தது! இந்தப் பக்கத்தில் நான் அடித்துச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

2024-இல் மேஜிக் எலண்ட் ரோட்டுக்கு வந்தது. யார்க்‌ஷயர் ரசிகர்களுக்கு வீட்டு வாசல். லாங்காஷயர்காரர்களுக்கு எம்62-இல் ஒரு மணி நேரம். இரண்டு நாள் கூட்டம் 53,103. அதற்கு முந்தைய ஆண்டு, வட கிழக்கு மூலையில் இருக்கும் நியூகாசிலில் 63,000-ஐத் தாண்டியிருந்தது. எலண்ட் ரோட்டில் இடம் போதவில்லை என்று சொல்லவும் முடியாது. இரண்டு நாளுக்கு 70,000 பேருக்கு மேல் உட்காரலாம். 2019-இல் ஆன்ஃபீல்டு, செயின்ட் ஹெலன்ஸிலிருந்து கூப்பிடு தூரம்: 56,869. இப்படி இரண்டு முறை பக்கத்தில் வைத்தார்கள். இரண்டு முறையும் சரிந்தது.

காரணம் எளிது. பக்கத்தில் இருந்தால் யாரும் தங்க மாட்டார்கள். தன் அணி ஆட்டத்துக்கு அரை மணி முன்னால் வந்து, முடிந்ததும் கார் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எலண்ட் ரோடு லீட்ஸ் நகர மையத்திலிருந்து தள்ளி, கார் நிறுத்தத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் இருக்கிறது. ஆட்டம் முடிந்தால் நடந்து போய் உட்கார ஓர் இடம் கிடையாது. செயின்ட் ஜேம்ஸ் பார்க்கோ நகரத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து கால் மணி நேர நடை. வழியெல்லாம் கடையும் மதுக்கூடமும். இரண்டாவது ஆட்டம் பிடிக்கவில்லையா, வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு மூன்றாவதுக்குத் திரும்பலாம்.

இதற்கு எதிரான சான்று ஒன்று உண்டு. மான்செஸ்டர் எல்லாருக்கும் பக்கம்தான். அங்கே 2014-இல் 64,552 பேர் வந்தார்கள். அப்போது லீக்கில் 14 அணி, ஏழு ஆட்டம். அந்த ஒரு கூடுதல் ஆட்டத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மான்செஸ்டர் என் வாதத்துக்குக் கொஞ்சம் இடைஞ்சல்தான்.

பெரியவருக்கு எலண்ட் ரோட்டில் இன்னொரு கொடுமை. அவர் வீட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டரில் மேஜிக் நடந்த அந்த ஒரே ஆண்டில் வேக்ஃபீல்ட் சூப்பர் லீக்கிலேயே இல்லை. 2023-இல் தரமிறங்கி, 2025-இல்தான் திரும்பியது.

60,000 ரசிகர்கள் வந்தார்கள் என்கிறார்களே, பெரிய எண்ணிக்கைதானே?

அது இரண்டு நாள் கூட்டல். இரண்டு நாளும் வந்தவரை இரண்டு தடவை எண்ணியிருக்கிறார்கள். அதிகபட்சமாக 2016-இல் 68,276. இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். சாதாரணச் சுற்றில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஒன்பது, பத்தாயிரம் பேர் வருகிறார்கள். ஆறால் பெருக்கினால் 55,000, 60,000 வந்துவிடுகிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மேஜிக் ஒரு சாதாரண வாரத்துக்குச் சமம். வெளியூரில் வைத்தும் இந்த எண்ணிக்கை வருகிறது என்பதுதான் அதன் பெருமை. இதைச் சொல்லாமல் "அறுபதாயிரம் பேர் திரண்டனர்" என்று மட்டும் போடுவது விளம்பர வேலை.

அட்டவணைக்கு இது நியாயமா?

நியாயமில்லை. கூடுதல் ஆட்டத்தில் ஒருவர் பலவீனமான அணியைச் சந்திக்கிறார், இன்னொருவர் சாம்பியனைச் சந்திக்கிறார். இரண்டுக்கும் அதே இரண்டு புள்ளி.

முதல் ஆண்டிலேயே இது சந்தி சிரித்தது. 2007 மே 6, லீட்ஸுக்கும் பிராட்ஃபோர்டுக்கும் ஆட்டம். கடைசி நொடிகளில் பிராட்ஃபோர்டு 38-36 என்று முன்னிலை. சமன் செய்ய லீட்ஸின் கெவின் சின்ஃபீல்டு பெனால்டி உதைத்தார். பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. லீட்ஸின் ஜோர்டன் டான்ஸி அதைப் பிடித்து ஓடி டிரை போட்டார், அதாவது எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தார். உதைத்தபோது அவர் ஆஃப்சைடில் நின்றிருந்தார். நடுவர் ஸ்டீவ் கான்சன் டிரை கொடுத்தார், லீட்ஸ் 42-38. தவறு நடந்ததை நிர்வாகம் பிறகு ஒப்புக்கொண்டது, முடிவு மட்டும் மாறவில்லை. நடுவர் தவறு எங்கேயும் நடக்கும், அதற்கு மேஜிக்கைக் குறை சொல்ல முடியாதுதான். ஆனால் பிராட்ஃபோர்டு ரசிகர்களிடம் இன்றும் அந்தப் பேச்சை எடுத்தால், "ஆட வேண்டிய தேவையே இல்லாத ஆட்டத்தில் போன புள்ளி" என்பார்கள்.

2026-இல் சால்ஃபோர்டு போய், யார்க், துலூஸ், பிராட்ஃபோர்டு சேர்ந்து லீக் 14 அணியானது. இருபத்தாறு ஆட்டம் சமமாக வந்துவிடுகிறது. லூப் ஆட்டத்துக்கு வேலையில்லை. மேஜிக் மட்டுமே ஒற்றைப்படையாக மிஞ்சுகிறது. என்னைக் கேட்டால், ஒரு திருவிழாவுக்காக அந்த ஒன்றைப் பொறுத்துக்கொள்ளலாம். நான்கு லூப் ஆட்டத்தைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே நாம்?

புதிய ஊர்களில் விளையாட்டை வளர்க்கத்தானே இந்த ஏற்பாடு?

அப்படித்தான் ஆரம்பித்தார்கள். கார்டிஃபில் மேஜிக் இரண்டு முறை நடந்த பிறகு வேல்ஸ் அணியான செல்டிக் குரூசேடர்ஸ் 2009-இல் சூப்பர் லீக்குக்கு வந்தது. பிரிட்ஜெண்டிலிருந்து ரெக்ஸமுக்கு வீடு மாறியது. 2011 பிப்ரவரியில் கார்டிஃப் மேஜிக்கில் ஆடியது. அந்த சீசன் முடிவில் சூப்பர் லீக்கில் இல்லை. மரேஃபீல்டில் இரண்டு ஆண்டு நடந்ததற்கு ஸ்காட்லாந்தில் ஒரு தொழில்முறைக் கிளப்பும் முளைக்கவில்லை.

நியூகாசிலில் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. மேஜிக் வந்த அதே 2015-இல்தான் கேட்ஸ்ஹெட் தண்டர் ஆற்றைத் தாண்டி வந்து நியூகாசில் தண்டர் ஆனது. ஒரு கட்டத்தில் இரண்டாம் பிரிவு வரை ஏறியது. 2023-இல் கீழே இறங்கியது. மேஜிக் நாளில் நகரத்தில் குவிந்த கூட்டத்தில் எத்தனை பேர் அடுத்த வாரம் கிங்ஸ்டன் பார்க்கில் தண்டரைப் பார்க்கப் போனார்கள் என்று யோசித்தால் வருத்தமாக இருக்கும். எல்லாரும் ஞாயிறு இரவே எம்62 பக்கம் திரும்பிவிட்டவர்கள்தானே.

ஆகவே விளையாட்டைப் பரப்பும் பணி என்ற பூச்சை எடுத்துவிடலாம் என்பது என் கட்சி. ஏற்கெனவே இருக்கும் ரசிகர்களுக்கான விழா இது. அதை வெளிப்படையாகச் சொன்னால் இடம் தேர்ந்தெடுப்பதும் சுலபமாகும்.

ஆஸ்திரேலியாவில் எப்படி?

2019-இல் இந்த யோசனையை எடுத்துக்கொண்டு பிரிஸ்பேனின் சன்கார்ப் மைதானத்தில் வைத்தார்கள். நான்கு நாளில் எட்டு ஆட்டம், 134,677 பேர். 52,000-க்கு மேல் கொள்ளும் செவ்வக மைதானம், மூலையில் காக்ஸ்டன் தெரு என்ற மதுக்கூடத் தெரு, ஆட்ட டிக்கெட் வைத்திருந்தால் பேருந்தும் ரயிலும் இலவசம். குவீன்ஸ்லாந்து அரசு சுற்றுலாவுக்காகப் பணம் போடுகிறது. சிட்னியிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் விமானத்தில் வந்து தங்குகிறார்கள். தங்குகிறவருக்குத்தான் லாபம் என்ற என் கணக்கு அங்கே இன்னும் துல்லியமாகப் பொருந்துகிறது.

நடுநிலை என்ற சொல் மட்டும் அங்கே பொய். பிரிஸ்பேன் பிராங்கோஸுக்கு அது சொந்த மைதானம். இங்கிலாந்துக்காரர்கள் குறைந்தபட்சம் அந்த விஷயத்திலாவது நேர்மை.

லாஸ் வேகாஸ்?

அது வேறு சரக்கு. 2024 மார்ச்சில் ஆஸ்திரேலிய லீக் அல்லீஜியன்ட் மைதானத்தில் சீசனைத் தொடங்கியது. இரண்டு ஆட்டத்துக்கு 40,746 பேர். அடுத்த ஆண்டு விகனும் வாரிங்டனும் அங்கே போய் மோதின, விகன் 48-24. போனவர்கள் வாழ்நாள் அனுபவம் என்கிறார்கள், நம்புகிறேன். கடன் வாங்கிப் போனவர்களும் உண்டு. நியூகாசிலுக்குப் போக முடியாதவர் ஒரு வருஷம் பொறுத்துக் காசு சேர்த்துப் போகலாம். வேகாஸுக்கு அந்தக் கதை நடக்காது.

பிரெஞ்சு ரசிகர்களுக்கு?

இங்கிலாந்துக்குள் எங்கே வைத்தாலும் அவர்களுக்கு வெளிநாடு. எங்கள் புலம்பலைக் கேட்டால் சிரிப்பார்கள். 2019 மே மாதம் கத்தலான் தன் உள்ளூர் ஆட்டம் ஒன்றை பார்சிலோனாவின் கேம்ப் நூவுக்குக் கொண்டு போனது. விகனுக்கு எதிராக 31,555 பேர். ஓர் ஊர்ப் பயணமாகவே விகன்காரர்கள் கிளம்பிப் போனார்கள். வழக்கமான சீசன் ஆட்டம் ஒன்றுக்கு சூப்பர் லீக் அதுவரை காணாத கூட்டம்.

தொலைக்காட்சியில் பார்த்தால் போதாதா?

எல்லா ஆட்டமும் வரும், சோபாவும் வசதிதான். ஆனால் தொலைக்காட்சியில் மேஜிக்கின் பலவீனம்தான் பளிச்சென்று தெரியும். காலியான நாற்காலிகள், மந்தமான தொடக்கம். பலம் மொத்தமும் காமராவுக்கு வெளியே தெருவில் நடக்கிறது.

முதல்முறை போகிறேன். என்ன செய்ய வேண்டும்?

உங்கள் அணி ஞாயிறு ஆடினாலும் சனிக்கிழமையே போய்விடுங்கள். தங்குமிடத்தைத் தேதி வந்த அன்றே பிடியுங்கள். நகரத்துக்குள் கிடைக்காவிட்டால் மெட்ரோ ரயில் தடத்தில் எங்காவது. செயின்ட் ஜேம்ஸ் பார்க் என்றால் டிக்கெட் எடுக்கும்போது மேல்தளமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேல்தளப் படிக்கட்டு ஏறும்போது பெரியவர் மூன்று இடத்தில் நின்றார்; நான் இரண்டு இடத்தில், செல்போன் பார்ப்பது போல். எல்லா ஆட்டத்தையும் பார்க்கிறேன் என்று சபதம் போடாதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு போதும். சட்டை போட்டுக்கொண்டு போங்கள். எந்த அணியானாலும் பரவாயில்லை. சட்டை இல்லாவிட்டால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

ஆட்டம் முடிவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பை வாங்கப் போகாதீர்கள்.

அடுத்து எங்கே? நீங்கள் போவீர்களா?

2026-க்கு அறிவித்த இடம் லிவர்பூலில் எவர்ட்டன் கால்பந்து கிளப்பின் புதிய ஹில் டிக்கின்சன் மைதானம். பழைய கப்பல்துறையில் ஆற்றங்கரையை ஒட்டிக் கட்டியது. நகர மையத்திலிருந்து நடக்கலாம், ஆனால் நியூகாசில் போல் மூச்சு விடும் தூரமில்லை. லாங்காஷயர்காரர்களுக்கு வீட்டுக்குப் பக்கம். ஆன்ஃபீல்டில் நடந்ததே மறுபடி நடக்குமோ என்று எனக்குப் பயம். பெரியவருக்கு அந்தப் பயமே இல்லை. இடம் அறிவித்த வாரத்திலேயே லிவர்பூல் லைம் ஸ்ட்ரீட் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு இரவுக்கு அறை போட்டுவிட்டார். வேக்ஃபீல்ட் என்றைக்கு, யாரோடு ஆடுகிறது என்று கேட்டேன். அதை இன்னும் பார்க்கவில்லை என்றார்.